பழைய அவுட்போர்டு எஞ்சின் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் வழி

பழையாறு முதல் முத்துப்பேட்டை வரை, ஃபைபர் படகுக்குப் பழைய பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின் வாங்கி வந்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே ஏழெட்டுக் கேள்விகள்தான். வாங்கும்போது கரையில் நன்றாக ஓடியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் எடுக்காது, அதாவது ஸ்டார்ட் ஆகாது. எடுத்தால் தொடர்ந்து ஓடாது. ஓடினால் படகு நகராது. பயந்துபோய் எஞ்சினைப் பிரிக்கச் சொல்வார்கள். ஆனால் நான் பார்த்த வரையில் பழுதுக்குக் காரணம் பழைய பெட்ரோல், உப்பு, சேறு இந்த மூன்றில் ஒன்றாகத்தான் அதிகம் இருக்கிறது. அதனால் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்து, செலவு கூடக்கூடக் கீழே போகும்படி எழுதியிருக்கிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இது 8 முதல் 15 குதிரைத் திறன் வரை உள்ள, கயிறு இழுத்து எடுக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களை மனதில் வைத்து எழுதியது. நீண்ட தண்டு வைத்த டீசல் எஞ்சினுக்குப் பொருந்தாது.

முதல் கயிறு இழுப்பதற்கு முன்

எஞ்சினை ஒருபோதும் தண்ணீர் இல்லாமல் எடுக்காதீர்கள். "சத்தம் மட்டும் கேட்டுப் பார்க்கிறேன்" என்று சில விநாடி ஓட்டினாலும் தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மை வாயகலமாக வெட்டி, ஓரத்தில் கனமான பலகை கட்டி, அதில் எஞ்சினை மாட்டுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தகடு இருக்கும். தண்ணீர் அதற்கும் மேலே நிற்க வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நல்லது. கழற்றாவிட்டால் நியூட்ரலில் மட்டும் ஓட்டுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் எஞ்சினைக் கழுவினால் கழுவியதாகவே கணக்கில்லை. கூட்டுக் குடிநீர்க் குழாயிலோ ஆற்றிலோ நல்ல தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். மூலைகளில் மணல், வெள்ளை உப்புப் பொருக்கு, அரிப்பின் மேலேயே அடித்த புது பெயிண்ட் மூன்றும் சேர்ந்து இருந்தால், அந்த எஞ்சின் ஒருமுறை மூழ்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியதற்குப் பிந்தைய மாதங்களில் இப்படிப்பட்ட எஞ்சின்களை நிறையப் பார்த்தேன். மூழ்கிய எஞ்சின் ஓடும், ஆனால் எவ்வளவு நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. தாங்கியில் சீரியல் நம்பர் தகடு பிடுங்கப்பட்டிருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விற்றவரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினா? கேரளக் கரையில் அந்த வகை அதிகம். உள்ளே கரி கூடுதலாகப் படிந்திருக்கும், கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பெட்ரோல் மாடலைவிடக் குறைவாகக் காட்டும். அது தெரியாமல் அளந்து பார்த்து நல்ல எஞ்சினைக் கெட்டுப்போனது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

கடைசியாக, தொட்டியில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் கொட்டிவிடுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். நம் கடலோரக் காற்றில், பாதி நிரம்பிய தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்தால் அடியில் தண்ணீர் தனியாகத் தங்கிவிடும். புதுப் பெட்ரோலில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட அவுட்போர்டு ஆயிலைக் கலக்குங்கள். பைக் ஆயில் வேண்டாம். பல எஞ்சின்களுக்கு 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் மாடலுக்கு எஞ்சின் மேலேயோ கையேட்டிலோ வேறு அளவு இருந்தால் அதுதான் சரி.

அறிகுறி: கயிறே இழுபடவில்லை

கியரைப் பாருங்கள். பல எஞ்சின்களில் நியூட்ரலில் இல்லாவிட்டால் கயிறு பூட்டிக்கொள்ளும். நியூட்ரலில் இருந்தும் வரவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுங்கள்.

இப்போது சுலபமாகச் சுற்றி, பிளக் துளை வழியே தண்ணீர் தெறித்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. முழுவதும் வெளியேறும் வரை இழுத்துவிட்டு, துளையில் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மறுபடி இழுங்கள். தண்ணீர் எப்படி வந்தது என்று தெரியாமல் எஞ்சினை எடுக்காதீர்கள். சிலிண்டர் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போயிருக்கலாம்.

பிளக் இல்லாமலும் சுற்றவில்லையா? பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கிறது. துளையில் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் கையால் முயன்றும் அசையாவிட்டால் மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாகத் திருப்பினால் பிஸ்டன் ரிங் உடைந்து, சிலிண்டரையும் கீறிவிடும். அப்போது செலவு இரட்டிப்பாகும்.

அறிகுறி: கயிறு இழுபடுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை

முதலில் எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கில் சுவிட்ச். அதன் கிளிப் இடத்தில் இருக்கிறதா? பழைய எஞ்சினோடு கிளிப் வராமலே போவது சகஜம். அடுத்து தொட்டி மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். பெட்ரோல் குழாயின் நடுவில் உள்ள ரப்பர் பல்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பல்பை அமுக்கினால் சில அமுக்கலில் கல்லு மாதிரி ஆகிவிட வேண்டும். எவ்வளவு அமுக்கினாலும் கொளகொள என்று இருந்தால், குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. குழாயும் பல்பும் சேர்த்து மாற்றுவது பெரிய செலவில்லை. பழைய எஞ்சினோடு வந்த குழாயை நான் எப்படியும் மாற்றச் சொல்வேன்.

இவை எல்லாம் சரி, சோக் இழுத்தும் எடுக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

*பிளக் காய்ந்திருந்தால்:* பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. எஞ்சினில் இருக்கும் சின்ன ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதன்பின் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் கோடு தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஒன்றுமே வடியாவிட்டால் கார்புரேட்டருக்குள் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பெட்ரோல் பம்பு வேலை செய்யவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தால் செய்யுங்கள். ஜெட் துளையில் கம்பி விடாதீர்கள். ஸ்பிரேயும் காற்றும் போதும்.

*பிளக் நனைந்திருந்தால்:* பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. அல்லது சோக்கை அதிக நேரம் இழுத்து மூழ்கடித்துவிட்டீர்கள். பிளக்கைத் துடைத்து, கொஞ்ச நேரம் காயவிட்டு, சோக் இல்லாமல் இழுத்துப் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் புதுப் பிளக் போடுங்கள். பழைய எஞ்சினுக்கு முதல் செலவே அதுதான், அந்த மாடலுக்குச் சொன்ன நம்பரிலேயே வாங்குங்கள். அப்புறம் பொறி சோதனை. பெட்ரோல் குழாயைக் கழற்றி, தொட்டியைத் தள்ளி வைத்து, எஞ்சினில் சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். வெளியே வைக்கும் பிளக், சிலிண்டரின் துளைகளை விட்டு விலகியே இருக்கட்டும். பிளக்கை அதன் மூடியில் செருகி, அடிப்பாகத்தை எஞ்சினின் இரும்பில் அழுத்தி வைத்து இழுத்தால் நீலமாகப் பொறி தட்ட வேண்டும். மஞ்சளாக, விட்டுவிட்டு வந்தால் பலவீனம்.

இரண்டு சிலிண்டரிலும் பொறி இல்லை என்றால் கில் சுவிட்ச் மேல் சந்தேகப்படுங்கள். உப்பு ஏறி உள்ளேயே இணைந்து, எப்போதும் 'நிறுத்து' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சிறிய எஞ்சின்களில் அதன் ஒயரைத் தற்காலிகமாகக் கழற்றிச் சோதிக்கலாம். அப்போது எஞ்சின் எடுத்தால் சுவிட்ச்தான் காரணம். ஒயர் கழன்றிருக்கும்போது சுவிட்சால் எஞ்சினை நிறுத்த முடியாது, பெட்ரோல் குழாயைப் பிடுங்கியோ சோக்கை முழுவதும் இழுத்தோ நிறுத்துங்கள். இந்த நிலையில் படகில் ஓட்டவே கூடாது. சுவிட்சை மாற்றிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும்.

சுவிட்சும் சரி, பொறி மட்டும் இல்லை என்றால் உங்கள் வேலை முடிந்தது. காயிலா, பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியா, பிளைவீலுக்கு அடியில் உள்ள சுருளா என்பதை மீட்டர் வைத்து அளந்துதான் சொல்ல முடியும். ஊகத்தில் சிடிஐ வாங்கிப் போடாதீர்கள். அது விலை கூடிய பாகம், மாட்டிய பின் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

*பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, எடுக்கவில்லை:* கம்ப்ரஷன் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் டூ ஸ்ட்ரோக்கில் 100 பிஎஸ்ஐ அளவுக்கு இருந்தால் ஆறுதல். அதைவிட முக்கியம், இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்றுக்கொன்று 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: எடுக்கிறது, கொஞ்ச நேரத்தில் அணைகிறது

சில நிமிடம் நன்றாக ஓடி, மூச்சுத் திணறி நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி எடுத்தால் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் காற்றுத் திருகு அடைத்திருக்கிறது. நம் பக்கம் அதில் உப்பும் மணலும் சேர்ந்து இறுகிவிடும்.

அது இல்லையென்றால், எஞ்சின் தடுமாறும் அந்த நேரத்தில் ரப்பர் பல்பை அமுக்குங்கள். அமுக்கியதும் உயிர் வந்தால் பெட்ரோல் வரத்தில் குறை. குழாய் வெடிப்பு, இணைப்பில் இருக்கும் ஓ ரிங், தொட்டிக்குள் உறிஞ்சும் குழாயின் சல்லடை, பெட்ரோல் பம்பின் சவ்வு என்று இதே வரிசையில் பாருங்கள். முதல் மூன்றும் வீட்டிலேயே முடியும். அமுக்கியும் பயனில்லை என்றால் கார்புரேட்டர் அடைப்பு, அல்லது சூடானதும் போகும் காயில். சூட்டில் போகும் காயிலை மெக்கானிக் கண்டுபிடிக்க வேண்டுமானால், எஞ்சின் அணைந்த அந்த நிமிடத்திலேயே அவர் பொறியைச் சோதிக்க வேண்டும். ஆறிய எஞ்சினைக் கொண்டுபோய்க் கொடுத்தால் "நல்லாத்தானே இருக்கு" என்றுதான் சொல்வார். அவரைக் கரைக்கு வரச் சொல்லுங்கள்.

வேகத்தில் ஓடி, குறைத்தால் மட்டும் அணைந்தால், குறைவேக ஜெட் அடைப்பு. கார்புரேட்டர் சுத்தம் செய்தால் போதும்.

அறிகுறி: எஞ்சினின் பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சவில்லை

உடனே நிறுத்துங்கள். மற்ற எல்லா அறிகுறிக்கும் நாளை வரை காத்திருக்கலாம், இதற்கு மட்டும் முடியாது. ஓடும் எஞ்சினின் பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் வர வேண்டும். அது வராமல் ஓட்டினால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு எஞ்சின் இரும்பு விலைக்குத்தான் போகும்.

ஆறவிட்டு, தாரை வரும் துளையில் மெல்லிய கம்பியோ தங்கூசியோ (நைலான் மீன்பிடி நரம்பு) விட்டுக் குத்துங்கள். குளவி மண் வைத்து அடைத்திருக்கும், உப்பும் அடைக்கும். பாதி நேரம் இதோடு முடிந்துவிடும்.

அடுத்து, கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் சேறு, கொள்ளிடம் முகத்துவாரத்தில் மணல். ஆற்றில் ஓட்டுபவர்களுக்கு ஆகாயத்தாமரை வேர், ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வரும் வாரங்களில் குப்பையும் பிளாஸ்டிக் பையும். பை ஒட்டிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தியதும் தானே விழுந்துவிடும், மறுபடி எடுத்தால் தாரை வரும். அப்படி நடந்தால் பம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டும் சரியென்றால் இம்பெல்லர். பழைய எஞ்சின் வாங்கினால் கேள்வி கேட்காமல் இதை மாற்றிவிடுங்கள் என்பேன். விற்றவர் "போன மாசம்தான் மாத்தினேன்" என்று சொன்னாலும் சரி. சேற்றுத் தண்ணீரில் ரப்பர் இதழ்கள் உப்புத்தாளில் தேய்த்தது போலத் தேய்ந்துவிடும். கீழ்ப்பாகத்தைக் கழற்றினால் பம்பு தெரியும். இதழ் ஏதாவது உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். அது மேலே போய்க் குழாயை அடைக்கும். பம்பின் உள் கிண்ணத்தில் ஆழமான கீறல் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கிண்ணத்தைப் பழசாக வைத்துக்கொண்டு இம்பெல்லரை மட்டும் புதிதாகப் போட்டால் சீக்கிரமே திரும்பி வருவீர்கள். கீழ்ப்பாகத்தைத் திரும்ப மாட்டும்போது கியர்க் கம்பி சரியாகச் சேராவிட்டால் கியர் விழாது. முன்பு செய்து பழக்கமில்லாதவர்கள் முதல் தடவை ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

புது இம்பெல்லர் போட்டும் தாரை பலவீனம், எஞ்சின் தலை கை வைக்க முடியாத சூடு என்றால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது தண்ணீர்ப் பாதை முழுவதும் உப்பு இறுகியிருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டால் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். உப்பு இறுகியது மெக்கானிக் வேலை. அந்தப் போல்ட்டுகளும் உப்பில் வெந்திருக்கும், திருகினால் முறியும். சூடு காட்டிக் கழற்றத் தெரிந்தவர் வேண்டும்.

அறிகுறி: எஞ்சின் இரைகிறது, படகு போகவில்லை

எஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்ச் கிளிப்பைப் பிடுங்கிவிட்டுப் புரொப்பெல்லரைப் பாருங்கள். வலைத் துண்டு, கயிறு சுற்றியிருக்கும். இல்லையென்றால் சின்ன எஞ்சின்களில் ஷியர் பின் முறிந்திருக்கும். மணல் திட்டில் இடித்தால் கியரைக் காப்பாற்ற அது முறிவதற்கென்றே வைத்தது. அதற்குப் பதில் ஆணியை வெட்டிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆணி முறியாது, கியர் பல்தான் போகும். கடலுக்குப் போகும்போது அசல் பின் இரண்டும், காட்டர் பின்னும், பிளையரும் படகில் இருக்கட்டும்.

கொஞ்சம் பெரிய எஞ்சின்களில் பின்னுக்குப் பதில் புரொப்பெல்லருக்குள் ரப்பர் புஷ் இருக்கும். மெதுவாகப் போனால் போகிறது, வேகம் கொடுத்தால் இரைச்சல் மட்டும் ஏறுகிறது என்றால் புஷ் நழுவுகிறது. உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பிசகியிருந்தால் உறுதி.

புரொப்பெல்லர் நன்றாக இருந்தும் திருப்பங்களில் மட்டும் இரைந்தால் எஞ்சின் உயரமாக மாட்டப்பட்டிருக்கிறது. புரொப்பெல்லருக்கு மேலே உள்ள அந்தப் படுக்கைத் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். 15 அங்குலத் தண்டு எஞ்சினை 20 அங்குலப் பின்பலகையில் மாட்டினால் இந்தத் தொல்லை தீரவே தீராது. வாங்குவதற்கு முன் பின்பலகையை அளந்துகொண்டு போங்கள்.

அறிகுறி: ஓடுகிறது, வேகம் ஏறவில்லை

முதலில் படகைப் பாருங்கள். பழைய ஃபைபர் படகு தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும், அடியில் சிப்பி பிடித்திருக்கும். அது இல்லையென்றால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம். எஞ்சினை நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றி ஒப்பிடுங்கள், ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று ஈரமாகவும் இருந்தால் அந்த ஈரமான பக்கத்தில் மேலே சொன்ன பொறி சோதனை. ஆக்சிலேட்டர் கம்பி முழுவதும் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: நடுக்கம்

எஞ்சினைப் படகோடு பிடிக்கும் திருகுகளை இறுக்குங்கள். புரொப்பெல்லர் இதழ் வளைந்திருந்தால் மாற்றுங்கள். மாற்றியும் நடுங்கினால் தண்டு வளைந்திருக்கும். பிளக்குகளைக் கழற்றி, நியூட்ரலில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, தண்டின் முனை வட்டமடிக்கிறதா என்று பாருங்கள். வட்டமடித்தால் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும், நீங்கள் தொட வேண்டாம்.

அறிகுறி: கியர் ஆயில் பால் நிறத்தில் வருகிறது

வாங்கிய அன்றே கியர் பாக்ஸின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஆயிலைப் பாருங்கள். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் பரவாயில்லை, மாற்றினால் போதும். டீயில் பால் கலந்த நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

முதல் சந்தேகம் வடிகால் திருகின் வாஷர். அதை மாற்றிப் புது ஆயில் விடுங்கள். ஆயிலைக் கீழ்த் துளை வழியே, மேல் துளையில் வழியும் வரை ஏற்ற வேண்டும். பின் மேல் திருகை மூடிவிட்டு, அதற்குப் பிறகே கீழ்த் திருகு. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துப் பாதிதான் நிரம்பும். சில மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். திரும்பவும் பால் நிறம் என்றால் தண்டின் சீல் போய்விட்டது. புரொப்பெல்லரைக் கழற்றினால் காரணம் பெரும்பாலும் கண்ணிலேயே படும்: தங்கூசி நரம்பு தண்டைச் சுற்றி இறுகி, சீலை அறுத்திருக்கும். வலை போடும் படகுகளில் புரொப்பெல்லரை மாதம் ஒருமுறையாவது கழற்றி இதைப் பார்ப்பது நல்லது.

சீல் மாற்றுவது மெக்கானிக் வேலை. தள்ளிப் போடாதீர்கள், தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் துருப்பிடித்துவிடும். ஆயிலில் இரும்புத் துகள் மின்னினால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள்.

அறிகுறி: கியர் விழவில்லை, அல்லது விழுந்தபின் நழுவுகிறது

விழவே இல்லை என்றால் கம்பி இணைப்பு, உப்பு, கிரீஸ் இல்லாமை. கிரீஸ் வைத்து அசைத்துப் பாருங்கள். விழுந்து 'டக் டக்' என்று நழுவினால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. வாங்கிய இரண்டொரு நாளில் தெரிந்தால் விற்றவரிடம் பேசுங்கள், ஏனென்றால் இந்தச் செலவு எஞ்சின் விலையில் பெரிய பங்கைத் தின்னும்.

அறிகுறி: புகை அதிகம்

எடுத்த புதிதில் நீலப் புகை இயல்பு. ஓய்வில்லாமல் வந்தால் ஆயில் அளவைக் குறைக்கும் ஆசை வரும். அளவை அறியாமல் குறைத்தால் பிஸ்டன் போகும். கலவையைக் கொட்டிவிட்டு, அளந்து புதிதாகக் கலந்து பாருங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், பிளக் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் வருகிறது, ஹெட் கேஸ்கெட். மெக்கானிக்கிடம் போங்கள்.

எஞ்சின் தண்ணீரில் விழுந்துவிட்டால்

ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்ததா, நின்றிருக்கும்போதா என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது விழுந்திருந்தால் உள்ளே பிஸ்டனோடு சேர்ந்த கம்பி (கனெக்டிங் ராடு) வளைந்திருக்கலாம், சேற்றில் விழுந்திருந்தால் மணல் உள்ளே போயிருக்கும். இரண்டிலும் கயிறு இழுக்கவே வேண்டாம். நல்ல தண்ணீரால் கழுவி நேராக மெக்கானிக்.

நின்றிருக்கும்போது, மணல் இல்லாத தண்ணீரில் விழுந்தது என்றால், மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் முழுவதும் கழுவுங்கள். பிளக்குகளை எடுத்துவிட்டு, எஞ்சினைச் சாய்த்து, கயிறு இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கார்புரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டுப் பல முறை இழுங்கள். அதன்பின் புதுப் பெட்ரோலில் உடனே எடுத்து, டிரம்மில் அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும்.

எடுக்கவில்லை என்றால் வெயிலில் காயவைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் பட்ட பேரிங்கில் காற்றுப் பட்ட சில மணி நேரத்திலேயே துரு ஏறத் தொடங்கும். மெக்கானிக் அன்று கிடைக்க மாட்டார் என்றால், எஞ்சினை நல்ல தண்ணீர் நிரப்பிய அதே டிரம்முக்குள் முழுவதுமாக மூழ்கவைத்துவிட்டு அவருக்குப் போன் செய்யுங்கள். அவர் வரும் வரை அது தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்.